பேச்சிமுத்துவோடது

சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்துவிட்டுப் பந்தலில் உட்கார்ந்த மாஜி எம்.எல்.ஏ. ஒருவர், மதியத்துக்குள் ஐந்து தடவை வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓடினால் ஊர் என்ன நினைக்கும்? "ஒண்ணுமே திங்காதவருக்கு எப்படிவே வயித்தால போகும்?" என்று எதிர்க்கட்சிக்காரர்கள் மைக் போட்டே கேட்டார்கள். அதே வாரம் நகைக்கடை ரத்தினவேல், தன் மகளின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து, தட்டைச் சம்பந்தி கையில் திணித்துவிட்டுக் கொல்லைப்புறம் பாய்ந்தார். சம்பந்தி வீட்டார் அதைப் பெரிய அவமரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு கல்லூரித் தாளாளர் பட்டமளிப்பு விழாவில் "அன்பார்ந்த மாணவச் செல்வங்களே" என்று தொடங்கி, அத்தோடு உரையை முடித்துக்கொண்டு இறங்கி ஓடினார். அவர் பேசியதிலேயே அதுதான் நல்ல பேச்சு என்று மாணவர்கள் சொன்னார்கள்.

பெரிய மனிதர்களை மட்டும் தேடிப் பிடிக்கிற வயிற்றுப்போக்கு ஒன்று பாளையங்கோட்டைக்குள் புகுந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. ஏழை எளியவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. எந்த நோய் வந்தாலும் முதல் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டே பழகிய ஜனங்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகவும், உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

விசாரித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. அவதிப்பட்ட அத்தனை பேரும் அதற்குச் சில நாள் முன்னால் தாமிரா வயிற்று மருத்துவமனையில் குழாய் விழுங்கியவர்கள்.

இதைக் கேட்டு அங்கே நர்ஸாக இருந்த ஆவுடை சிஸ்டர் ஆடிப்போய்விட்டாள். ஏனென்றால் அந்தக் குழாய்களைக் கழுவுகிற அறைக்கு அவள்தான் பொறுப்பு.

குழாய் என்றால் எண்டோஸ்கோப். சுண்டுவிரல் தடிமனில், கறுப்பாக, ஆள் உயரத்துக்கு நீளமாக இருக்கும். நுனியில் கேமரா. ஒருவர் வாய் வழியாக உள்ளே போய் இரைப்பையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வரும், கழுவியபின் அடுத்தவர் வாய்க்குள் போகும். தம்ளரில் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற ஜனங்கள் நாம். பக்கத்து வீட்டுக்காரர் கடித்த மிக்சரைத் தொட மாட்டோம். அப்பேர்ப்பட்ட நாம், காலையிலிருந்து பத்துப் பேர் தொண்டைக்குள் போய் வந்த குழாயைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறோம். நம் எச்சிலுக்கும் அடுத்தவர் எச்சிலுக்கும் நடுவே நிற்பவர்கள் ஆவுடை சிஸ்டர் மாதிரி ஆட்கள்தான்.

ஆவுடை நின்ற விதமும் அப்படி. குழாயைத் தண்ணீரில் அமிழ்த்தி, உள்ளே காற்றடித்து, ஓட்டை இருக்கிறதா என்று குமிழி பார்ப்பாள். உள்துவாரங்களில் நீளமான பிரஷை விட்டு, அது மறுமுனையில் பளிச்சென்று வரும்வரை திரும்பத் திரும்ப இழுப்பாள். சோப்பு, கிருமிநாசினி, சுத்தத் தண்ணீர், ஸ்பிரிட், காற்று. பிறகு வெயிலில் புடவை தொங்குவது மாதிரி அலமாரியில் மடிப்பில்லாமல் தொங்கவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவள் கழுவிய குழாயால் ஒருவருக்கு ஒரு ஏப்பம்கூட வந்தது கிடையாது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. கல்யாண வீட்டில் சாப்பிடப் போனால்கூட, வாழையிலையை அவள் கழுவுகிற நேரத்தில் அடுத்த பந்தி வந்துவிடும்.

ஆட்டோக்கள் டிரைவர் இல்லாமல் தானே ஓடத் தொடங்கி, அப்படியும் மீட்டர் போடாத காலம் அது. எல்லா வேலைக்கும் இயந்திரம் வந்துகொண்டிருந்தது. தாமிரா மருத்துவமனைக்கும் ஒன்று வந்தது. இடுப்புயரம், கீழே சக்கரம், இரண்டு கை, ஒற்றைக் கண். காது கேட்கும், வாய் இல்லை. குழாய் கழுவுகிற இயந்திரம்தான், ஆனால் அதற்குக் கழுவத் தெரியாது. யாராவது கைதேர்ந்தவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துத் தானாகப் பழகிக்கொள்ளும் என்றார்கள்.

அது மூன்று மாதம் ஆவுடையின் பின்னாலேயே சுற்றியது. கழுவும் அறை, சாமான் அறை, டீ போடுகிற சின்ன அறை என்று அவள் போகிற இடமெல்லாம் உருண்டு வந்து, ஒரு துரும்பைத் தூக்கிப் போடாமல் வேடிக்கை பார்த்தது. எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதனால் அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தார்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் மாப்பிள்ளை வேலையில் இறங்கியது. அச்சு அசல் ஆவுடைதான். பிரஷை இழுத்ததும் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பது, தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு ஒரு தட்டுத் தட்டுவது, எல்லாம் அவளேதான். தலைமை மருத்துவர் எபனேசர் கூட்டம் போட்டு ஆவுடைக்குச் சால்வை போர்த்தினார். "நம்ம ஆவுடையோட கை இனிமே நாடு முழுக்கப் போகப் போகுது" என்றார். கம்பெனி இந்த இயந்திரத்தை நகலெடுத்து மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்புவதாக ஏற்பாடு. ஆவுடை அந்தச் சால்வையையும் ஒருதடவை துவைத்துத்தான் பீரோவில் வைத்தாள்.

அந்த நேரத்தில்தான் பெரிய மனிதர்களுக்கு வயிறு கலங்கியது.

டாக்டர் எபனேசர் நல்லவர், ஆனால் அவசரக்காரர். எல்லாரையும் அறைக்குக் கூப்பிட்டு, யார் மேல் தப்பு என்று யோசித்தார். இயந்திரம் கோடி ரூபாய் சமாச்சாரம், அதன் மேல் தப்பு இருக்க முடியாது. ஆவுடைக்கு இப்போதுதான் சால்வை போட்டிருக்கிறார். அவர் பார்வை அப்படியே நகர்ந்து கதவோரம் நின்ற பேச்சிமுத்து மேல் வந்து நின்றது.

பேச்சிமுத்து வார்டு ஊழியன். சிகிச்சை அறையில் டாக்டர் வேலையை முடித்ததும், குழாயைத் தட்டில் வைத்துக் கழுவும் அறைக்குத் தூக்கி வருவது அவன் வேலை. கொஞ்சம் வாய் ஜாஸ்தி. சும்மா கொண்டுவந்து வைக்க மாட்டான். வாசலில் நின்று, "ரத்தினவேல் அண்ணாச்சியோடது!" என்றோ, "பீடி சுத்துத பாக்கியத்தோடது!" என்றோ பந்தி விசாரிக்கிற குரலில் அறிவித்துவிட்டுத்தான் உள்ளே வருவான்.

"பேச்சிமுத்து, நீ கையை ஒழுங்கா கழுவுறியா?" என்று கேட்டார் டாக்டர்.

"கழுவுதேன் சார். சிஸ்டர்ட்ட வேணும்னா கேளுங்க."

டாக்டர் கேட்டார். ஆவுடை ஒரு நொடி யோசித்தாள். தன் கை தவறியிருக்காது என்பது அவளுக்கு நிச்சயம். தன்னைப் பார்த்துப் பழகிய இயந்திரமும் தவறியிருக்காது. அப்படியானால் மிச்சம் இவன்தானே?

"அவன் சோப்பு போடுதது கொஞ்சம் மேலோட்டமாத்தான் இருக்கும் சார்" என்றாள்.

பேச்சிமுத்து அவளைப் பார்த்தான். வாய் ஓயாத ஆள் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் அவளை என்னவோ செய்தது. விசாரணை முடியும்வரை அவனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் மனைவி மாசமாக இருக்கிறாள், இது எட்டாவது மாதம் என்பது ஆவுடைக்கு அன்று சாயந்திரம் வீட்டில் காய் நறுக்கும்போது நினைவு வந்தது. கத்தரிக்காயை நறுக்கி, கழுவி, மறுபடி கழுவி, அதன் சத்தெல்லாம் போகிற மட்டும் கழுவிக்கொண்டே நின்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து நிறைமதி என்கிற இன்ஜினியர் பெண் வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, சின்ன வயசு. தோளில் ஒரு பை, பைக்குள் ஒரு பாட்டில் செயற்கை அழுக்கு. ரத்தமும் சளியும் கலந்த மாதிரி இருக்கும், கழுவாமல் விட்டுப்போன இடம் ஒரு விளக்கைக் காட்டினால் பச்சையாக மின்னும் என்றாள்.

முதல் கேள்வியாக, "வயிறு கெட்டவங்க எல்லாருக்கும் ஒரே குழாய்தானுங்களா போட்டீங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "அது வந்து, விஐபிகளுக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்கோம்."

அப்படித்தான் வைத்திருந்தார்கள். கைப்பிடியில் தங்க நிற வளையம் போட்ட குழாய், கண்ணாடி அலமாரியில் தனியாகத் தொங்கும். கண்டவன் வாயில் போன குழாயை நான் விழுங்குவதா என்று ரத்தினவேல்தான் முதலில் கேட்டார். அதற்குத் தனிக் கட்டணம் கட்டினால் தனிக் குழாய் என்று ஏற்பாடாயிற்று. பெரிய மனிதர்கள் எல்லாரும் சந்தோஷமாகக் கட்டினார்கள். வாரா வாரம் மற்றக் குழாய்களில் துடைத்தெடுத்துக் கிருமி பார்ப்பார்கள், வளையம் போட்டதை மட்டும் யாரும் சோதிக்கத் துணியவில்லை. அதைச் சந்தேகப்படுவது அந்தப் பெரிய மனிதர்களையே சந்தேகப்படுவது மாதிரி இருந்தது.

நிறைமதி தலையை ஆட்டினாள். "சரிங்க, வழக்கமா எப்படி நடக்குமோ அப்படியே நடத்திப் பார்க்கணும். தட்டு தூக்கிட்டு வர்றவரு எங்கீங்க?"

"அவனைச் சஸ்பெண்ட் பண்ணியாச்சு."

"கூப்பிடுங்க. மெஷினுக்கு அவரு குரல்தான் பழக்கம்."

பேச்சிமுத்து வந்தான். ஷேவ் செய்யாத முகம். ஆவுடையைப் பார்க்காமல் போய்த் தட்டின் பக்கத்தில் நின்றான். நிறைமதி ஒரே மாதிரி நாலைந்து குழாய்களில் ஒரே அளவு அழுக்கை ஊற்றினாள். ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய், யாராவது ஒருவர் பேரைச் சொல்லிக் கொடு என்றாள்.

"யாரு பேரு வேணும்னாலும் சொல்லலாமாம்மா?"

"சொல்லுங்க."

பேச்சிமுத்துவுக்கு இது பிடித்துப்போயிற்று. தொண்டையைச் செருமிக்கொண்டான். "பீடி சுத்துத பாக்கியத்தோடது!"

மாப்பிள்ளை ஒரு கையை நீட்டியது. குழாயை உடம்பில் படாமல் எட்டிப் பிடித்து வாங்கிற்று. பிறகு கழுவியது பாருங்கள், அப்படி ஒரு கழுவல். பிரஷை விட்டு இழுத்தது, பார்த்தது, மறுபடி விட்டது. சோப்பு நுரை தொட்டியைத் தாண்டித் தரையில் வழிந்தது. நிறைமதி விளக்கைக் காட்டினாள். பச்சை ஒரு புள்ளிகூட இல்லை. புதுக் குழாய்கூட அத்தனை சுத்தமாக வராது என்றாள். ஆவுடை நிமிர்ந்து நின்றாள்.

"பாத்தியளா? என் கை அப்படியே இருக்கு" என்றாள்.

அடுத்த குழாயைப் பேச்சிமுத்து பதவிசாக ஏந்திக்கொண்டு வந்தான். "மாஜி எம்.எல்.ஏ. அய்யாவோடது!"

மாப்பிள்ளை இரண்டு கையையும் நீட்டியது. லேசாகக் குனிந்தது. பிரசாதம் வாங்குகிற மாதிரி வாங்கிற்று. பிரஷை ஒரே ஒரு தடவை விட்டு எடுத்தது, எடுத்ததைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. கிருமிநாசினியில் முக்கி, முக்கிய கையோடு தூக்கி, மெல்லிய துணியால் ஒற்றிற்று. விளக்கைக் காட்டியபோது குழாய் முழுக்க மழைக்காலத்துப் பாசி மாதிரி பச்சை.

நிறைமதி விளக்கை அணைத்தாள்.

டாக்டர் எபனேசர் மெதுவாக, "என்னோடதுன்னு சொல்லிப் பாரு" என்றார். விஞ்ஞான ஆர்வம்தான் காரணம் என்று அவர் பின்னால் சொன்னார்.

"நம்ம பெரிய டாக்டரோடது!"

மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி, கழுவும் தொட்டியைத் தாண்டிப்போய், குழாயை நேராகக் கண்ணாடி அலமாரியில் தொங்கவிட்டது. அழுக்கு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அதன் கணக்கில் அவருடைய எச்சில் எச்சிலே இல்லை. டாக்டர் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. சொன்னால் வெட்கம், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அவருக்கு. அடுத்த நொடி, பத்து நாள் முன்னால் நெஞ்செரிச்சலுக்காக அதே தங்க வளையக் குழாயைத் தானும் விழுங்கியது நினைவு வந்தது. நாற்காலியைத் தேடி உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டார். அவருக்குப் பின்னால் அதை விழுங்கியவர் மாஜி எம்.எல்.ஏ.

"இப்ப என்னோடது" என்று பேச்சிமுத்து தானாகவே ஒரு குழாயை எடுத்தான். "வார்டு பேச்சிமுத்துவோடது!"

மாப்பிள்ளை கையையே நீட்டவில்லை. அங்கே வை என்பது மாதிரி மேஜை ஓரத்தைக் காட்டியது. அவன் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுத்தது. பாக்கியத்துக்குக் கழுவியதைவிட இரண்டு மடங்கு கழுவியது, அவன் வைத்த இடத்தையும் துடைத்தது.

பேச்சிமுத்து சிரித்தான். "சார், ஆஸ்பத்திரியிலயே சுத்தமான குழாய் என்னோடதுதான். நான் என்னத்துக்கு சார் சஸ்பெண்டு?"

ஆவுடை மாப்பிள்ளையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை ஓரத்தைக் காட்டிய அந்த விரலை அவளுக்குத் தெரியும். வேறு எதைத் தெரியாவிட்டாலும் அதைத் தெரியும்.

டாக்டர் எழுந்தார். "சரி, மெஷின் கோளாறு. திருப்பி எடுத்துட்டுப் போகட்டும். இந்த மேட்டர் இந்த ரூமை விட்டு வெளிய போக வேண்டாம். தங்க வளையத்தையெல்லாம் வெளிய சொன்னா நம்ம ஆஸ்பத்திரி பேரு என்னாகிறது?"

"பேச்சிமுத்து?" என்று கேட்டாள் நிறைமதி.

"ஊழியர் கவனக்குறைவுன்னு ஏற்கெனவே எல்லார்ட்டயும் சொல்லியாச்சு. அவனுக்கு வேற எங்கயாவது பாத்துத் தர்றேன்."

இது நல்ல ஏற்பாடு. எல்லாருக்கும் வசதியான ஏற்பாடு. ஆவுடை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சால்வை சால்வையாகவே இருக்கும். இத்தனை வருஷம் ஒரு சொல் கேட்காமல் காப்பாற்றிய பேரும் அப்படியே இருக்கும். அவள் பேச்சிமுத்துவைப் பார்த்தாள். அவன் நுரை வழிந்த தரையைப் பழக்கதோஷத்தில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மெஷின் மேல கோளாறு இல்ல சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை, இன்னொரு தடவை சொன்னாள். "மெஷின் மேலயும் இல்ல, பேச்சி மேலயும் இல்ல. அது என் கை சார்."

"என்ன பேசுற ஆவுடை? நீ ஒரு நாளாவது குறைச்சுக் கழுவியிருக்கியா? உன் கையால ஒருத்தருக்கும் ஒண்ணும் வந்ததில்லையே!"

"குறைச்சுக் கழுவல சார். ஆனா பெரியவங்களோடதுன்னு பேச்சி சொன்னா ரெண்டு கையாலதான் வாங்குவேன். அது என்னமோ அப்படித்தான் வரும். பிரஷ விட்டுட்டு, இவங்களுக்கு என்ன இருக்கப் போகுதுன்னு ரெண்டு தடவையில நிறுத்திருவேன். ரெண்டு தடவை போதும்னுதான் புஸ்தகத்துலயும் இருக்கு. மத்தவங்களோடதுன்னா மனசு கேக்காது. அஞ்சு ஆறுன்னு இழுத்துட்டே இருப்பேன். நான் இதுவரைக்கும் அத எண்ணிப் பாத்ததே இல்ல. இப்ப அது செய்யுதத பாத்த பெறவுதான் தெரியுது."

நிறைமதி மெதுவாகச் சொன்னாள்: "சிஸ்டர் செஞ்சதுல ஒருத்தருக்கும் ஆபத்து இல்லைங்க. ஆனா இந்த மெஷின் எத்தனை தடவைங்கறத மட்டும் கத்துக்கல. ஆள் உசர உசரக் கழுவல் குறையணும்ங்கறதயும் சேர்த்துக் கத்துக்குச்சு. அந்தக் கணக்க அப்படியே நீட்டிக்கிட்டே போயிருக்கு. டாக்டர் சார் கிட்ட வர்றப்ப கழுவவே வேண்டாம்னு ஆயிருச்சு."

மனிதர்கள் ஏதோ ஒரு இடத்தில் வெட்கப்பட்டு நிறுத்திக்கொள்வார்கள். இயந்திரத்துக்கு அந்த வெட்கத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"அப்ப பெரிய மனுஷங்க பூராவும் காசு கட்டி அவங்க எச்சில அவங்களே மாத்தி மாத்தித் தின்னுருக்காங்க" என்றான் பேச்சிமுத்து, துடைப்பதை நிறுத்தாமல். டாக்டர் அவனை முறைத்தார். முறைத்ததும் வயிறு ஒருதரம் புரண்டதால் அதை அத்தோடு விட்டுவிட்டார்.

ஆவுடைக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. கேட்க வேண்டாம் என்று ஒரு மனம் சொல்லிற்று. கடைசியில் மிஞ்சியிருந்த குழாயை அவளே எடுத்து பேச்சிமுத்துவிடம் கொடுத்தாள்.

"என்னோடதுன்னு சொல்லுல."

"வேண்டாம் சிஸ்டர்."

"சொல்லுன்னா."

தனக்குள் அவள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். டாக்டர் அளவுக்கு இருக்காது. ஆனால் பாக்கியத்துக்கு மேலே, ஒரு கையாவது மரியாதையாக நீளும். இத்தனை நாள் சொல்லிக் கொடுத்தவள் இல்லையா?

"ஆவுடை சிஸ்டரோடது" என்றான் பேச்சிமுத்து, சத்தமே இல்லாமல்.

மாப்பிள்ளை நகர்ந்து வந்தது. மேஜை ஓரத்தைக் காட்டியது. அவன் வைத்தான். அது குழாயை எடுத்துத் தொட்டியின் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, புதுத் தண்ணீர் பிடித்து, தேய்க்கத் தொடங்கியது. பேச்சிமுத்துவுக்குக் கழுவியதையும் தாண்டிவிட்டது. தேய்த்தது, அலசியது, மறுபடி தேய்த்தது. கறுப்புத் தோல் உரிந்துவிடுமோ என்று நிறைமதி ஓடிப்போய் பொத்தானை அமுக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அப்போதும் அது குழாயை மற்றவற்றோடு தொங்கவிடாமல் ஒரு மூலையில் தனியாகச் சாய்த்து வைத்தது.

"இது எங்கிருந்து கத்துக்குச்சுன்னு தெரியலியே. நீங்க இங்க குழாய் விழுங்கினதே இல்லீங்களே" என்றாள் நிறைமதி.

ஆவுடைக்குத் தெரிந்தது. குழாயிலிருந்து வந்தது இல்லை, டீ தம்ளரிலிருந்து வந்தது. மூன்று மாதமும் மாப்பிள்ளை டீ அறைக்கும் கூடவே வந்ததே. அங்கேயும் பேச்சிமுத்து ஒவ்வொரு தம்ளரையும் யாரோடது என்று சொல்லித்தான் வைப்பான். டாக்டர்கள் குடித்த தம்ளரை ஒரு அலசு அலசி வரிசையாகக் கவிழ்ப்பாள். மற்றவர்களுடையதைத் தேய்ப்பாள். பேச்சிமுத்து தன் தம்ளரை நீட்டினால் கையில் வாங்காமல் மேஜை ஓரத்தைக் காட்டுவாள். கடைசியாகத் தன் தம்ளரை எடுத்துத் தேய் தேய் என்று தேய்த்து, அலமாரிக்கு வெளியே ஜன்னல் கட்டையில் தனியாக வைப்பாள். யாரும் அவளை அப்படி வைக்கச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு ஆஸ்பத்திரியில், ஒரு டாக்டரம்மா அவள் கையிலிருந்த தம்ளரை வாங்காமல் இதே மாதிரி மேஜை ஓரத்தைக் காட்டினாள். அந்த ஆஸ்பத்திரி மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. டாக்டரம்மா போய்ச்சேர்ந்துவிட்டாள். ஜன்னல் கட்டை மட்டும் ஆவுடையோடு வந்திருக்கிறது. அதையும் சேர்த்து நாடு முழுக்க அனுப்பப் பார்த்தார்கள்.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் நின்று அழுதாள். பேச்சிமுத்து தரை துடைக்கிற துணியை நீட்டப் போய், சட்டென்று இழுத்துக்கொண்டு, தன் தோள் துண்டைக் கொடுத்தான். அவள் அதைக் கழுவாமலே முகம் துடைத்துக்கொண்டாள்.

"பேச்சி, உன்னையும் நான் தப்பாச் சொல்லிட்டேன்ல" என்றாள்.

"நீங்க சொன்னதுல பாதி உண்மதான் சிஸ்டர்" என்றான் அவன். "சோப்பு நான் மேலோட்டமாத்தான் போடுவேன்."

டாக்டர் எபனேசர் மறுநாளே பேச்சிமுத்துவை வேலைக்கு எடுத்துக்கொண்டார், வயிறு கலங்கியவர்களுக்கெல்லாம் நேரில் போய்க் காரணத்தைச் சொல்லி மன்னிப்பும் கேட்டார். அவர் மனம் மாறியதில் நியாய உணர்ச்சிக்கு எவ்வளவு பங்கு, முந்தின நாள் சாயந்திரம் தொடங்கிய அவருடைய வயிற்றுப்போக்குக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. தங்க வளையத்தைக் கழற்றிவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்குப் புதிதாகப் பழக்க இன்னும் மூன்று மாதம் ஆகும் என்றாள் நிறைமதி. அதுவரை நோயாளிகளைக் காக்க வைக்க முடியுமா? அதற்கு வழி சொன்னவன் பேச்சிமுத்துதான். இயந்திரம் யாருக்கு நன்றாகக் கழுவுகிறதோ அவர் பேரையே எல்லாக் குழாய்க்கும் சொன்னால் போகிறது. ஆவுடை பேரைச் சொன்னால் குழாய் தேய்ந்துவிடும். ஆகவே அன்றிலிருந்து நீதிபதி விழுங்கினாலும், பூ விற்கிறவர் விழுங்கினாலும், வாசலில் ஒரே குரல்தான் கேட்டது: "பேச்சிமுத்துவோடது!"

மாஜி எம்.எல்.ஏ. மறுபரிசோதனைக்கு வந்தபோது படுத்திருந்த இடத்திலிருந்தே இதைக் கேட்டுவிட்டார். "யாருய்யா பேச்சிமுத்து? அவன் விழுங்குனதையா எனக்குப் போடப் போறீய?" என்று துள்ளி எழுந்தார். ஆவுடை பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் வெகுநேரம் யோசித்தார். உண்ணாவிரதப் பந்தல் அவர் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும்.

"அப்படின்னா எனக்குப் பேச்சிமுத்துவோடதையே போடுங்க" என்றார். கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நல்லா சத்தமாச் சொல்லச் சொல்லுங்க, மெஷினுக்குக் காது கேக்கணும்லா" என்றும் சொன்னார்.

பேச்சிமுத்துவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சர்க்கரையும் சாக்லேட்டும் கொண்டுவந்து கொடுத்த அன்று, எல்லாரும் டீ குடித்த தம்ளர்களை அவனே தட்டில் அள்ளிக்கொண்டு டீ அறைக்கு வந்தான். தொட்டியருகே ஆவுடை நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளை, குழாய் வராத நேரத்தில் புதிதாகப் பழகிக்கொள்ள, மறுபடியும் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு. பேச்சிமுத்து பழக்கத்தில் வாயைத் திறந்தான்.

"யாரோடதுன்னு சொல்லாதல" என்றாள் ஆவுடை.

அவன் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் ஒரு கை பாதி நீண்டது, பிறகு இன்னொரு கையும் பாதி நீண்டது, இரண்டும் அப்படியே நின்றன. ஆவுடை தட்டிலிருந்த தம்ளர்களைப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி எவர்சில்வர் தம்ளர். இதில் டாக்டருடையது எது, தன்னுடையது எது என்று அவளுக்கும் தெரியவில்லை. ஜன்னல் கட்டைப் பக்கம் ஒருதரம் கண் போயிற்று. அங்கே தண்ணீர்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது.

அவள் இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினாள். மாப்பிள்ளையும் இரண்டு கையையும் முழுசாக நீட்டிக்கொண்டது. முதல் தம்ளரை எடுத்து நன்றாகத் தேய்த்தாள், அடுத்ததையும் அதே மாதிரி தேய்த்தாள்.

"சிஸ்டர், எனக்கு இன்னொரு டீ கெடைக்குமா?" என்று கேட்டான் பேச்சிமுத்து.

"மொதல்ல சோப்பு போட்டுக் கையக் கழுவு" என்றாள் ஆவுடை.